கீறல் விழுந்த சேவல்

2007-ஆம் வருடம், ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. திருப்பூர் காங்கேயம் ரோட்டில் நல்லூர்ப் பக்கம், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், தொண்டை கட்டிப்போய், கையில் சுக்குக் கஷாயத்தோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

டி.வி. பார்த்ததெல்லாம் ஓர் அனுபவமா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அன்றைக்கு நான் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் பன்னிரண்டு பேர் பிழைப்பில் மண் விழுந்திருக்கும். அந்த மண்ணை அள்ளிப் போட்டவளும் நானேதான் என்பது இதில் கூடுதல் விசேஷம்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் இருந்தேன். டீ-ஷர்ட்டின் நெஞ்சில் இருக்கும் படத்தை, தைத்த பிறகு அடிப்பதில்லை. வெட்டிய துணித் துண்டுகளை நீள மேசையில் வரிசையாக ஒட்டிவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையான ஸ்கிரீனை ஒவ்வொன்றின் மேலும் வைத்து அடித்துக்கொண்டே போவார்கள். அந்த ஸ்கிரீன் செய்ய ஒரு ஃபிலிம் வேண்டும். கண்ணாடி மாதிரித் தாளில் படம் மட்டும் கறுப்பாக இருக்கும். எங்கெல்லாம் கறுப்போ அங்கெல்லாம் துணியில் மை இறங்கும். அந்தக் கறுப்பில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் சட்டையில் படம் பொத்தலாக விழும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஃபிலிமை விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நாலே நாலு மயிர் உள்ள பிரஷ்ஷால் அந்த ஓட்டைகளைக் கறுப்பு மை வைத்து அடைக்க வேண்டும். டச்சப் என்பார்கள். எங்கள் யூனிட்டில் டச்சப் என்றால் நான்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது எனக்குப் பிறவிக் குணம். வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் போட்டிருக்கும் சட்டையில் ஒரு பிசிறு தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. குறை கண்டுபிடிப்பதற்கென்றே கர்த்தர் ஒருத்தியைப் படைத்து என் தலையில் கட்டிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது திட்டாகவே தெரியாது. ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும்.

அந்தப் புரட்டாசியில் எங்கள் யூனிட்டுக்கு ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியின் ஆர்டர் முதல் தடவையாகக் கிடைத்தது. கறுப்புத் துணியில் வெள்ளையாக ஒரு சேவல். பழைய ரேடியோப் பெட்டி ஒன்றின் மேல் ஒற்றைக் காலில் நின்று வாயைப் பிளந்து கூவும். அடியில் இங்கிலீஷில் ஏதோ பெயர். திருப்பூரில் எந்த ஆர்டருக்கும் அதன் சொந்தப் பெயர் வாயில் நுழையாது. யானை ஆர்டர், தக்காளி ஆர்டர் என்று நாமே ஒன்று வைத்துக்கொள்வோம். இது சேவல் ஆர்டர்.

எங்கள் முதலாளி காங்கேயம் பக்கத்து விவசாயக் குடும்பம். பூமியை அடமானம் வைத்து யூனிட் ஆரம்பித்தவர். ஆறு மாதமாக வேலை மந்தம். இரண்டு மேசையில் ஒன்றை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்திருந்தது. மூடினால் மேசையில் அடிக்கிறவர்கள் நாலு பேர் உடனே ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அடுத்து மற்றவர்கள், என்னையும் சேர்த்து. இந்த ஆர்டரைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தால் வருஷம் பூராவும் வேலை தருவதாக அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. "சாம்பிளவிட நம்முளுது ஒருபடி நல்லா இருக்கோணும்" என்று முதலாளி போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய குழி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஃபிலிம் வந்தது. விளக்கு மேசையில் விரித்து லென்ஸை வைத்தேன். சேவலின் உடம்பு முழுக்கக் கீறல். சிறகில், வாலில், கொண்டையில், எழுத்துக்களில், ரேடியோவில். வறண்டுபோன குளத்து மண் மாதிரி மயிரிழைக் கோடுகளாக ஓடின. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஃபிலிம் போட்டுக் கொடுத்த கடைக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டார். ஏற்றுமதிக் கம்பெனி கொடுத்த சி.டி.யில் இருந்ததைத்தான் எடுத்துக் கொடுத்தோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அப்படியானால் சி.டி.தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டினோம். கம்பெனியில் கேட்டால், முதல் ஆர்டரிலேயே தொந்தரவு கொடுக்கிறான் பார் என்று நினைப்பார்கள் என்று முதலாளிக்குக் கூச்சம். நாளும் இல்லை. டச்சப் பண்ணிவிட முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியுமாவா! தேனீயிடம் தேன் எடுக்க வருமா என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மூன்று நாள் உட்கார்ந்தேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது, கண்ணில் நீர் வடிந்தது. ஒவ்வொரு கீறலாக அடைத்தேன். எந்த இறகில் எந்தக் கீறல் எப்படி வளைகிறது என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் முடித்தபோது சேவல் அப்போதுதான் முட்டையிலிருந்து வந்ததுபோல் புத்தம் புதிதாக இருந்தது. முதலாளி எல்லாருக்கும் டீயும் பப்ஸும் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பல்க் அடிக்க ஆரம்பித்துவிடலாம் என்றார். பல்க் என்றால் மொத்த ஆர்டரும். எனக்கு ஞாயிறு எப்போதும் லீவு, கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போக வேண்டும் என்பதால்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. என் குரலே கொஞ்சம் கரகரப்புத்தான். எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில். சின்ன வயதில் கோயில் பாட்டுக் குழுவான கொயரில் சேர ஆசைப்பட்டு நின்றேன். நடத்திய அக்கா ரெண்டு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, நீ வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று காதோடு சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நல்ல மனதுக்காரிதான். வேண்டாம் என்று துரத்தாமல் வரிசையில் வைத்திருந்தாரே. அன்றிலிருந்து நான் வாயை மட்டும் அசைக்கிறவள். கல்யாணமாகி இந்த ஊர் வந்த பிறகும் அப்படியே. பாட்டு என்றால் எனக்கு அது மற்றவர்கள் சமாசாரம்.

கோயிலுக்குத்தான் போகவில்லை, டி.வி.யிலாவது ஆராதனை பார்ப்போம் என்று வழக்கமான நம்பரைப் போட்டேன். எங்கள் கேபிள்காரருக்கு வாரம் ஒருமுறை சேனல்களைக் கலைத்து அடுக்காவிட்டால் தூக்கம் வராது. அன்றைக்கு அந்த நம்பரில் பிரசங்கியார் இல்லை. ஒரு இங்கிலீஷ் பாட்டு சேனல் வந்தது. மாற்றலாம் என்றால் ரிமோட்டில் சேனல் மாற்றும் பட்டன் அமுங்கவில்லை. என் கணவர் கறி வாங்கப் போயிருந்தார். எழுந்து போய் அமுக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியம், அன்றைக்குச் சோம்பல்பட்டது.

ஒரு சின்ன ஸ்டுடியோ. ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்றார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் சொன்னதில் புதிய பேண்ட், முதல் தடவை டி.வி.யில் என்ற அளவுக்கு எனக்குப் புரிந்தது. நாலு பேர் இருந்தார்கள். டிரம்ஸ் அடிக்கும் ஒரு கிழவர், மவுத் ஆர்கனோடு ஒரு ஒல்லி ஆள், பெரிய கிதாரோடு இன்னொருவர். நடுவில் கிதாரை மாட்டிக்கொண்டு ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், நல்ல தாட்டியான உடம்பு. அலங்காரம் ஒன்றுமில்லை. சந்தைக்கு வந்தவள் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்ட மாதிரி நின்றாள்.

கிதாரை ஒரு இழு இழுத்தாள். பவர்லூம் தறிகள் ஒன்றாகக் கிளம்புகிறபோது தரை அதிருமே, அப்படி ஒரு அதிர்வு எங்கள் பழைய டி.வி. பெட்டியிலேயே வந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் குரல். கரகரவென்று, உடைந்து, மேலே போகும்போது பிசிறு பிசிறாகக் கிழிந்து. எங்கள் கொயர் அக்கா கேட்டிருந்தால் அவளையும் கடைசி வரிசையில் நிறுத்தியிருப்பார். ஆனால் இவள் மறைக்கவில்லை. எங்கே குரல் கிழிகிறதோ அந்த இடத்திலேயே நின்று இன்னும் அழுத்திப் பாடினாள். வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை. வேலை செய்து களைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிற மாதிரி இருந்தது அந்தப் பாட்டு. மவுத் ஆர்கன்காரர் நடுவில் புகுந்து அழ ஆரம்பித்தால், டிரம்ஸ்காரர் அதைத் தட்டிக் கொடுத்து எழுப்பி நடக்க வைத்தார். நான் எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. கஷாயம் ஆறிப்போனது. என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பாட்டைக் கேட்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக, பைத்தியக்காரி போல.

அந்தச் சந்தோஷத்தின் உச்சியில் கேமரா பின்னால் போனது. அவர்களுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரை ஒரு கறுப்புத் துணி தொங்கியது. அதில் வெள்ளையாக ஒரு சேவல். ரேடியோப் பெட்டி மேல், ஒற்றைக் காலில், வாயைப் பிளந்துகொண்டு.

எங்கள் சேவல். உடம்பு முழுக்கக் கீறலோடு.

ஃபிலிமில் மயிரிழையாக இருந்தது அந்தத் துணியில் விரல் தடிமனுக்கு இருந்தது. இடது சிறகின் மூன்றாவது இறகில் கவட்டை மாதிரிப் பிரியும் கீறல். அலகுக்குக் கீழே நட்சத்திரம் போல ஒரு வெடிப்பு. எல்லாம் எனக்குத் தெரிந்தவை, நான் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சமாதி கட்டியவை. நாங்கள் அடிப்பது இந்த பேண்டின் சட்டை. சி.டி. கெடவில்லை. வேண்டுமென்றே அப்படி வரைந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் குரலுக்கு ஏற்ற சேவல் அது. நான் அதைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, கொயரில் முதல் வரிசையில் நிறுத்திவிட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால். யூனிட்டில் பல்க் ஓடிக்கொண்டிருக்கும்.

தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. ஓடிப்போய் முதலாளி நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மேசை ஓடும்போது மை காய்வதற்கு ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றும், காது பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது. மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்பினால் என் கணவர் கறிப் பையோடு மொபெட்டில் வந்தார். அப்படியே யூனிட்டுக்கு விடுங்கள் என்று பின்னால் ஏறினேன். என் தொண்டையில் பாதிக் காற்றுத்தான் வந்தது. சேவல் டி.வி.யில் வந்தது, அதற்குக் கீறல் இருக்கிறது என்று நான் சொன்னது அவருக்கு ஜன்னி கண்டவள் பேச்சாகத் தெரிந்திருக்கும்.

"காய்ச்சல் கூடிட்டா ஒனக்கு? ஆசுபத்திரிக்குப் போவமா?" என்று கேட்டார்.

வண்டியை எடுங்கள் என்று முதுகில் குத்தினேன். கறிப் பை ஹேண்டிலில் ஆட, முதலிபாளையம் பிரிவு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார், சேவல் பாடியதா, கிதார் வாசித்ததா என்று. இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அதைச் சொல்லித்தான் என்னைச் சிரிக்க வைக்கிறார்.

உள்ளே நுழைந்தபோது முதல் மேசை முழுக்கச் சேவல்கள் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது மேசையில் பாதி வரை வந்திருந்தார்கள். நான் ஓடிப்போய், பிரிண்ட் அடித்துக்கொண்டிருந்த மேசை மாஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் இருபது வருடம் பிரிண்டிங் மேசையில் நின்றவர், அதிகம் பேசாதவர். திகைத்துப்போய் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு நின்றார். முதலாளி வந்தார். எனக்குத் தெரிந்ததை, வந்த குரலில், மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கோபத்திலும் அவருக்கு மரியாதை போகாது, அதுதான் கேட்கிறவர்களுக்கு இன்னும் பயம்.

"ஏனுங்க அம்மிணி, டிவில எவளோ பாடுனான்னு பல்க்க நிறுத்தச் சொல்றீங்களாக்கு? செவ்வாக்கெழம பீஸு கம்பெனில இருக்கோணும். தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன். கம்பெனி கொடுத்த சாம்பிளை எடுக்கச் சொன்னேன். வாங்குகிறவர்கள் பார்த்து, இதே போல வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய சட்டை அது. கலர் பார்ப்பதற்காக மாஸ்டர் பொறுப்பில் கவருக்குள் இருந்தது. நான் அதைக் கையில் வாங்கியதே இல்லை. அதிலும் வெள்ளை விட்டு விட்டுத் தெரிந்ததாக மாஸ்டர் சொன்னார். துவைத்துப் பார்த்த சாம்பிளாக இருக்கும், துவைத்ததில் உதிர்ந்திருக்கும் என்று அவரும் முதலாளியும் நினைத்துக்கொண்டார்களாம். நம்முடையது அப்படி உதிரக் கூடாது என்று வேறு பேசிக்கொண்டார்களாம்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சாம்பிளை என்னிடம் காட்ட வேண்டாம், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"அண்ணாச்சி, எடது றெக்கையில மூணாவது எறகு. கவட்ட மாதிரி ஒரு கீறல் இருக்கும், பாருங்க."

பின்னால் கவர் பிரிக்கும் சத்தம்.

அலகுக்குக் கீழே நட்சத்திரம் போல ஒன்று என்றேன். வாலின் கடைசி இறகை ஒரு கோடு இரண்டாக வெட்டும் என்றேன். ரேடியோவின் வலது பட்டன் பாதி இருக்காது. முதல் எழுத்தின் காலில் ரயில் தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடு. சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று நாளில் எத்தனை கீறலை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்! யாரோ ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்.

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எல்லாமே இருக்குதுங்க. தொவச்சு உதுந்ததுன்னா இப்பிடி எடம் பாத்து உதுருமுங்களா?"

முதலாளி அங்கிருந்த மை டப்பா மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டப் போகிறார் என்று நின்றேன். என் கணவர் கறிப் பையோடு வாசலில் நின்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சாம்பிளையும் மேசையையும் பார்த்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாந்தானுங்க அம்மிணி டச்சப் பண்ணச் சொன்னேன். தப்பு உங்குளுது மட்டுமில்லீங்க" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அடுத்த கேள்வி, ஃபிலிமுக்கு எங்கே போவது. ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும். எனக்குச் சட்டென்று உறைத்தது. நான் பூசும் கறுப்பு மை தண்ணீரில் கரைகிற மை. ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும், அடியில் இருக்கும் படம் போகாது. விளக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் கண்ணீர் வடியச் செய்த வேலையை நானே ஒவ்வொரு துடைப்பாக அழித்தேன். முதல் துடைப்புக்குக் கை வரவில்லை. கவட்டைக் கீறல் வெளிச்சத்தோடு திறந்துகொண்டபோது, ஒளித்து வைத்திருந்த ஒன்று எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கை ஓடியது. ஒன்றரை மணி நேரத்தில் சேவலுக்குப் பழைய உடம்பு வந்துவிட்டது.

அந்த ஒன்றரை மணி நேரமும் நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது என்ன பாட்டு என்று கேட்டார். காலையில் கேட்டது, வார்த்தை தெரியாது என்றேன். நிறுத்திவிட்டேன். அவர், வேலைக்கு நல்லா இருந்துச்சுங்க, நிறுத்தாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் என் பாட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அந்த அதிகம் பேசாத மனிதர் சொன்னது.

மத்தியானத்துக்குள் புது ஸ்கிரீன் தயாரானது. என் கணவர் அந்தக் கறியை யூனிட்டின் பின்னாலேயே அடுப்பு மூட்டி எல்லாருக்கும் குழம்பு வைத்துவிட்டார். புரட்டாசிச் சனி முடிந்து மறுநாள்தானே என்று மாஸ்டரும் கையை நனைத்தார். முதலாளி கம்பெனிக்குப் போன் பண்ணி நடந்ததை மறைக்காமல் சொன்னார். நன்றாகத் திட்டு வாங்கினார். கெட்டுப்போன நூற்று முப்பது பீஸுக்கு மீதித் துணியில் வெட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு மேசையும் கீறல் சேவல்களால் நிறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பீஸ் போய்ச் சேர்ந்தது. பரிசோதிக்க வந்தவர் சாம்பிளை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே பாஸ் பண்ணினார். அந்த வருஷம் மேசை மூடவில்லை, மூன்றாவதாக ஒன்று போட்டார்கள்.

சட்டையில் இருந்த பேண்டின் பெயரைச் சொல்லி ஊரில் இருந்த சி.டி. கடைகளில் எல்லாம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடைக்காரரிடம் பாடியே காட்டினேன். அவர் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். கடைசியில் அந்த ஏற்றுமதிக் கம்பெனியில் இந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்ட பெண்ணே, டி.வி. பார்த்து ஆர்டரைக் காப்பாற்றியவளைப் பார்க்க வேண்டும் என்று வந்து, ஒரு சி.டி. கொடுத்தாள். இதற்கு ப்ளூஸ் ராக் என்று பெயராம். அந்த ப்ளூஸ், முன்னொரு காலத்தில் அமெரிக்காவில் பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களிடமிருந்து வந்ததாம். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. கரிசலில் மடி கட்டிப் பருத்தி எடுத்தவள். அவள் குரலும் கரகரப்புத்தான். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

கெட்டுப்போன நூற்று முப்பது சேவலையும் முதலாளி தைத்து, ஆயுத பூஜையன்று எங்களுக்கே பங்கு போட்டுக் கொடுத்தார். அவரவர் வீட்டுக்கும் சொந்தத்துக்குமாக நல்லூர், முதலிபாளையம் பக்கம் அந்த வருஷம் எங்கே திரும்பினாலும் சேவல்தான். நான் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த பேண்ட்காரர்களுக்கே கிடைக்காத, கீறல் இல்லாத சேவல் உலகத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த டிசம்பரில் எங்கள் சபையில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கூட்டத்தில் நானும் போனேன். வழக்கம்போலக் கடைசி வரிசை. முதல் வீட்டில் வாயை மட்டும் அசைத்தேன். இரண்டாவது வீட்டில் என்னையறியாமல் சத்தம் வந்துவிட்டது. கிதார் வாசித்த தம்பி திரும்பிப் பார்த்தான். போச்சு என்று நினைத்தேன். அவன் எனக்கு எட்டுகிற மாதிரி சுருதியைக் கொஞ்சம் இறக்கி வாசிக்க ஆரம்பித்தான். என் கணவர் என்னைப் பார்த்துக் கோழி கூவுகிற மாதிரி வாயைப் பிளந்து காட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டே முழுப் பாட்டையும் பாடினேன்.

இப்போது டச்சப் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. ஆனாலும் ஏதாவது ஒரு படம் என் முன்னால் வந்தால், குறையைத் தேடுவதற்கு முன் இதை வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தார் என்று ஒரு நிமிடம் பார்க்கிறேன். சட்டையில் தொங்கும் பிசிறைப் பிடுங்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. ஆனால் என் தொண்டையில் இருக்கும் கீறலை அன்றிலிருந்து நான் அடைத்ததே இல்லை.